நில் / போ

கம்பு ஒன்று, முகம் இரண்டு.
சிவப்பில் நில். பச்சையில் போ.
இதைப் பிடித்து நிற்க
மணிக்கு இருபத்தேழு டாலர்.

இன்று இரண்டுமே பொய்.
நிறுத்த வண்டி இல்லை, போகச் சாலை இல்லை.
எனக்கு முன்னால் பதினோரு மீட்டர் காற்று.
அதன் அடியில் ஓடை,
செவ்வாய் இரவு தின்றதை இன்னும் மென்றுகொண்டு.
நடுக்கோடு மட்டும்
விளிம்பு வரை ஒழுங்காக வந்து
பாதி வாக்கியத்தில் நின்றிருந்தது.

குழாய்தான் காரணம் என்றான் ஆலிஸ்டர்.
கவுன்சில் பொறியாளர். நேற்று வாங்கிய ரப்பர் பூட்ஸ்.
தொள்ளாயிரம் மில்லிமீட்டர் விட்டம்,
அறுபத்தெட்டில் புதைத்தது,
அன்றைய மழைக்கு அளவெடுத்து.

குழாய் என்ன செய்யும், என்றாள் மெரெயானா
எக்ஸ்கவேட்டர் கதவைத் திறந்து.
மேலே பார்.
மொட்டையடித்த மலை.
பைன் மரங்களை லாரியில் ஏற்றியவர்கள்
விலைபோகாததையெல்லாம் சரிவிலேயே விட்டுப் போனார்கள்.
ஒரே இரவில் அத்தனையும் இறங்கிவந்து
குழாயின் வாயில் துணி அடைத்ததுபோல்.
தண்ணீர் சாலை மேல் ஏறியது.
மறுபக்கம் இறங்கும்போது சாலையையும் கூட்டிக்கொண்டது.

இருவர் சொன்னதையும் கேட்டு
மேஸ்திரி டீபெனே படிவத்தில் எழுதினார்:
காரணம், நீர்.

அக்கரையில் முப்பத்தொரு வீடு, ஒரு பள்ளி,
கத்தரிக்கக் காத்திருக்கும் ஆடுகள்,
வாரம் மூன்று முறை டயாலிசிஸுக்குப்
போய்வருகிற எருவேரா.
புதிய பெட்டிக் கல்வெர்ட் வரப் பதினான்கு வாரம் ஆகுமாம்.
எருவேராவின் ரத்தத்துக்கு
வியாழன் காலை வரைதான் பொறுமை.

யார்டின் பின்புறம்
வேறெந்தச் சாலைக்கோ வாங்கி மறந்த
இரண்டு கான்கிரீட் குழாய்கள், உள்ளே புல் முளைத்து.
அவற்றைக் கொண்டுவந்தார்கள்.
மரக்கட்டைகளை இழுத்துப் போட்டார்கள்.
மண்மூட்டை அடுக்கி, பம்பு வைத்து,
ஓடையை ஓரமாக ஒதுங்கச் சொன்னார்கள்.
நான் பச்சை முகத்தை எதிரே திருப்பிவைத்தேன்.
இக்கரைக்கு அக்கரை பச்சை என்பார்களே,
அக்கரைக்காரர்களுக்காவது ஒரு பச்சை.

புதன் மாலை நான்கரை.
உடைந்த குழாயின் கடைசித் துண்டு
சங்கிலியில் அரையடி எழும்பியது.
மெரெயானா இயந்திரத்தை அணைத்தாள்.

உள்ளே விலாங்கு.
என் முன்னங்கைத் தடிமன், கண்ணில் நீல வளையம்.
ஒன்றல்ல, நான்கு.

டீபெனே கடிகாரத்தைப் பார்த்தார்.
வாயைத் திறந்தார், மூடினார்.
ஆலிஸ்டர் பள்ளத்துக்குள் இறங்கினான்.
இடுப்பளவு சேறு. பூட்ஸ் ஒன்று அங்கேயே போயிற்று.
இது கடலுக்கு இறங்குகிற பருவம் என்றான்,
டோங்கா பக்கம், முட்டையிட.
ஒரே ஒரு பயணம். திரும்பி வராது.
இப்படி ஒரு வெள்ளத்துக்குத்தான்
ஆண்டுக்கணக்காகக் காத்திருக்கும்.
பெரியது இந்தக் குழாயைவிட மூத்ததாக இருக்கும்.

நாய்க்குத் தண்ணீர் வைக்கும் தொட்டியில் ஒவ்வொன்றாய்
மண்மூட்டைக்குக் கீழே கொண்டுபோய் விட்டோம்.
நாற்பது நிமிடம். யாரும் எழுதிவைக்கவில்லை.

பாம்புக்குத் தலை, மீனுக்கு வால் என்று
விலாங்கைத்தான் ஏசுகிறோம்.
என் கையிலிருந்த கம்பைக் கீழே வைத்திருந்தேன்,
இரண்டு முகத்திலும் சேறு.

குழாயின் வாலை ஒரு முழம் தாழ்த்திப் புதை,
ஏறிவரும் குஞ்சுகளுக்குத் தாவத் தெரியாது என்றாள் மெரெயானா.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
இரவெல்லாம் டிப்பர்கள் ஜல்லி கொட்டின,
உருளை போனது, வந்தது, போனது.

வியாழன், ஐந்து இருபது.
அக்கரையில் இரண்டு விளக்கு மெல்ல இறங்கிவந்து
விளிம்பில் நின்றது.
நின்றபடியே இருந்தது.
நான் கையசைத்தேன். அசையவில்லை.
கண்ணாடி இறங்கியது.
தம்பி, என்று எருவேராவின் குரல்,
நில் என்று காட்டிக்கொண்டே கூப்பிடுகிறாயே.

கம்பைத் திருப்பினேன்.
சக்கரத்தடியில் புது ஜல்லி நொறுநொறுத்தது.
ஆலிஸ்டர் ஒற்றை பூட்ஸோடு
மதகின் வாயருகே குந்தியிருந்தான்,
டார்ச்சை உள்ளே அடித்தபடி.